நாட்காட்டித் தாளின் மறுபக்கம்

காலையில் எழுந்ததும் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் நேற்றைய தாளைக் கிழிக்கிறோம். இன்றைய தாள் வெளிப்படுகிறது. தடித்த எழுத்தில் தேதி. அதன் கீழே நல்ல நேரமும் இராகு காலமும். ஓர் ஓரத்தில் தலைவர் ஒருவரின் பிறந்தநாள். பங்கிலிருந்து வாங்கிவந்த நாட்காட்டியானால் அன்றைய புனிதரின் பெயரும் திருப்பலி வாசகங்களும் கூடுதலாக இருக்கும். கிழித்த தாளையும் நாம் எறிந்துவிடுவதில்லை. அதன் மறுபக்கம் வெறுமையாயிருப்பதால் பால் கணக்கும் மளிகைப் பட்டியலும் அதில் ஏறுகின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் சாலையில், உத்திரமேரூரை நெருங்கும்போது வருகிற சிற்றூர் திருப்புலிவனம். பழைய சிவன் கோயிலும் நெல்வயல்களும் ஏரிப் பாசனமும் உள்ள ஊர். இங்குள்ள தேநீர்க்கடையில் காலைப் பேச்சு வானத்தில்தான் தொடங்கும். "மேகம் திரளுதே, எறங்குமா?" என்று ஒருவர் கேட்பார். பிறகு நாளிதழின் தாள்கள் பல கைகளுக்குப் பிரிந்து போகும். விபத்து, தேர்தல், தங்கத்தின் விலை, அயல்நாட்டுப் போர் எல்லாம் ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் அலசப்படும். பின்பு யாவரும் எழுந்து தத்தம் வேலைக்குப் போய்விடுவர்.

ஒரு நாளை அறிந்துகொள்வது என்பது இவ்வளவுதானா?

டிசம்பர் 1 என்னும் ஒரே தாளை எடுத்துக்கொள்வோம். 2015-ஆம் ஆண்டு அந்நாளில் பெய்த பெருமழையில் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் வெள்ளக்காடாயின. 1955-ஆம் ஆண்டு அதே தேதியில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினத் தையற்காரப் பெண்மணி, பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்காகத் தம் இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானார். 1916-ஆம் ஆண்டு அதே தேதியில் சகாராப் பாலைநிலத்தில் சார்லஸ் தெ ஃபூக்கோ கொல்லப்பட்டார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. வானிலை, வரலாறு, புனிதம் ஆகிய மூன்றும் கையகலத் தாள் ஒன்றில் அடங்கிவிடுகின்றன. ஆயினும் அந்தத் தாளில் இடம்பெறாதவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கும் அந்த நாள் உரியதுதானே?

இக்கேள்வி நம்முள் எழக் காரணமான நிகழ்ச்சி ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் தெருவில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித்தரக் கேட்டு வந்தார். வயல்வேலையே அவருடைய வாழ்க்கை. பெயரை எழுதினோம், கணவர் பெயரை எழுதினோம். பிறந்த தேதி என்ற இடத்திற்கு வந்ததும் எழுதுகோல் நின்றது.

"பாட்டி, நீங்க பிறந்த தேதி என்ன?"

"தேதியெல்லாம் யாருக்குய்யா தெரியும்? ஏரி கோடி போன வருசம். நாத்து பறிச்சிக்கினு இருந்தப்பத்தான் எங்கம்மாவுக்கு வலி கண்டுச்சாம். கரை மேலேயே பொறந்தேனாம்."

நாம் சிரித்துவிட்டோம். பிறகு, அவருடைய தோற்றத்தைக் கொண்டு ஓர் ஆண்டைக் கணித்து, அதற்கு முன்னால் 'ஜனவரி 1' என்று எழுதினோம். தேதி தெரியாத எல்லாரும் ஜனவரி முதல் நாளில் பிறந்தவராவது நம் நாட்டில் புதிதன்று. முன்னாளில் பள்ளியில் சேர வரும் பிள்ளையின் வலக்கை தலைக்கு மேலாகச் சென்று இடக்காதைத் தொட்டால் வயது ஐந்து என்று கொண்டு, தமக்கு வசதியான தேதியொன்றை ஆசிரியர் எழுதிக்கொள்வார். அதுவே அப்பிள்ளை ஓய்வுபெறும் நாள்வரை நிலைத்துவிடும். நாம் செய்ததும் அவ்வளவே. படிவம் நிறைந்தது, நம் மனமும் நிறைந்தது. அவர் நமக்குச் சொன்ன செய்தி மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

அச்செய்தியை இன்று மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். ஏரி நிறைந்து கோடி போகிற அளவுக்கு வடகிழக்குப் பருவமழை பெய்த ஆண்டு. நாற்று பறிக்கும் பருவம். நிறைமாதத்திலும் வயலில் இறங்கியே தீரவேண்டியிருந்த ஒரு தாய். ஏரிக்கரையில் ஒரு பிறப்பு. ஜனவரி 1 என்னும் நம் பொய்த்தேதியைவிட இதில் உண்மை மிகுதி அன்றோ! ஏழை மக்கள் வானிலையைப் பேசுவது பொழுதுபோக்குக்காக அன்று. ஏட்டில் இடம் கிடைக்காதவர்கள் தங்கள் வாழ்வை மழையிலும் புயலிலும் பஞ்சத்திலும் குறித்து வைத்திருக்கிறார்கள். படித்தவர்களாகிய நமக்கு அது வானிலைச் செய்தி. அவர்களுக்கோ அது வரலாறு.

திருப்புலிவனத்திற்கு அருகில் உள்ள உத்திரமேரூரின் கல்வெட்டுகள் உலகறிந்தவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை வழியாக ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் அமரக்கூடியவர் 35 வயதுக்கு மேற்பட்டவராகவும் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்கவேண்டும் என்பது 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் தகுதிகளுள் ஒன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாத அக்காலத்திலும் சிலருடைய வயதை ஊர் அறிந்திருந்தது. ஆனால் வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையும் மறைநூல் கல்வியும் உடையவர்களுக்கே அந்த ஓலையில் பெயர் ஏறியது. ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது; அதன் பெயர் கல்லில் நிற்கிறது. அந்த ஏரியின் வண்டலைக் கூடையில் அள்ளிக் கரையில் கொட்டியவர்களின் வயதை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். குடவோலையின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. எந்தப் பதிவேடும் யாரைக் கணக்கில் கொள்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதே நம் கருத்து.

இந்த எண்ணத்தோடு அமெரிக்க வரலாற்றின் பக்கம் திரும்பும்போது, திருப்புலிவனத்து மூதாட்டிக்கு ஓர் உடன்பிறப்பை அங்கே காண்கிறோம். அவர் ஃபிரெடரிக் டக்ளஸ். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பிச் சென்று, அடிமை முறையை எதிர்த்து முழங்கிய பேரறிஞர். 1845-இல் வெளியான தம் தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே தமக்குத் தம் வயது தெரியாது என்கிறார். குதிரைக்குத் தன் வயது எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அடிமைக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்பது எசமானர்களின் விருப்பம் என்றும், விதைக்கும் காலம், அறுவடைக் காலம், பழம் பழுக்கும் காலம் என்றே அடிமைகள் தம் பிறப்பைச் சொல்லக் கேட்டதுண்டு என்றும் எழுதுகிறார். வெள்ளைப் பிள்ளைகள் தங்கள் வயதைச் சொல்லும்போது தம்மால் மட்டும் சொல்ல இயலவில்லையே என்பது சிறு வயதிலேயே அவரை வருத்தியது. முதுமையிலும் அவர் தம் பிறந்தநாளைத் தேடினார். கிடைக்காமலேயே 1895-இல் காலமானார்.

இதில் நெஞ்சைச் சுடுகிற பகுதி இனிமேல்தான் வருகிறது. அவருடைய பிறப்பு எழுதப்பட்டே இருந்தது! எசமானரின் கணக்கேட்டில் மற்ற அடிமைகளின் பெயர்களோடு ஃபிரெடரிக்கின் பெயரும், 1818-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என்ற குறிப்பும் இருந்ததைப் பிற்கால ஆய்வாளர் கண்டெடுத்தனர். உடைமைகளைக் கணக்கு வைப்பவர் அந்தக் குழந்தையையும் உடைமையாகக் கணக்கு வைத்திருந்தார். ஏடு அறிந்திருந்தது, பிறந்தவர் அறியவில்லை. ஆகவே, எழுதி வைப்பது மட்டும் அறமாகிவிடாது. எந்த நோக்கத்தோடு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே வரி ஒருவரை மனிதராக மதிக்கவும் கூடும், பொருளாக்கி ஒடுக்கவும் கூடும்.

டக்ளஸ் சோர்ந்துவிடவில்லை. பிப்ரவரி 14-ஐத் தம் பிறந்தநாளாகத் தாமே தேர்ந்துகொண்டார். அடிமை முறை ஒழிப்புக்கு ஆணையிட்ட ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12. இவ்விரு நாள்களும் வரும் வாரத்தையே, கறுப்பின மக்களின் வரலாற்றை நினைவுகூரும் வாரமாக 1926-இல் கார்ட்டர் உட்சன் என்னும் வரலாற்றறிஞர் தொடங்கினார். பின்னர் அது ஒரு மாதமாக வளர்ந்தது. தன் பிறந்தநாளை அறியாத ஒருவர் தேர்ந்துகொண்ட நாள், ஓர் இனத்தின் வரலாற்றுக்கே வாசலாயிற்று.

செய்தியைப் பற்றியும் அந்நாட்டு வரலாறு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. கிளர்ச்சி செய்த தென்மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்னும் லிங்கனின் பிரகடனம் 1863 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் அது படைத்தலைவர் ஒருவரால் அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19-இல்தான். இரண்டரை ஆண்டு! செய்தி நடந்து வந்திருந்தாலும் இவ்வளவு காலம் ஆகியிராது. அறிந்த எசமானர்கள் வாய் திறக்கவில்லை. ஆணையை நிறைவேற்றும் படையும் அங்கு வந்து சேரவில்லை. ஒருவருக்குச் சேரவேண்டிய செய்தியைத் தடுத்து வைத்திருப்பது அவருடைய வாழ்நாளைத் திருடுவதற்கு ஒப்பாகும் என்பதை ஜூன் 19 உணர்த்துகிறது. 2021-இல் அந்நாள் அமெரிக்கா முழுமைக்கும் அரசு விடுமுறை ஆயிற்று.

நாமோ தேநீர் ஆறுவதற்குள் செய்திகளை முடித்துவிடுகிறோம். ஆண்டவர் இயேசுவிடமும் ஒருமுறை அன்றைய செய்தியோடு சிலர் வந்தார்கள். பலி செலுத்திய கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தி அது. லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம் அதனைக் கூறுகிறது. ஆண்டவர் அச்செய்தியை அலசவில்லை. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்த மற்றொரு செய்தியைத் தாமே எடுத்துக்கூறி, மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று வினவினார். மனமாற்றம் கேட்பவர்களுக்கே தேவை என்றார். அதற்கு முந்தைய அதிகாரத்தின் இறுதியில், மேற்கே மேகம் எழுந்தால் மழை வரும் என்று அறிகிற நீங்கள் இக்காலத்தின் அடையாளத்தை அறியாதது எப்படி என்றும் கேட்கிறார். வானிலையும் செய்தியும் அவருடைய பேச்சிலும் இருந்தன. ஆனால் அவற்றைக் கேட்டவர் எவரும் வேடிக்கை பார்ப்பவராக நிற்க அவர் விடவில்லை.

மழை நல்லார்மேலும் பொல்லார்மேலும் பெய்கிறது என்பது ஆண்டவரின் போதனை. அது விண்ணகத் தந்தையின் பாரபட்சமற்ற அன்பு. ஆயினும் ஒரே மழை மாடிவீட்டில் குளிர்ச்சியாகவும் குடிசையில் அழிவாகவும் இறங்குவது தந்தையின் செயல் அன்று, நம் ஏற்பாடு. 2015 டிசம்பரில் அதைக் கண்ணாரக் கண்டோம்.

இங்கே ஒரு தடை எழலாம். பிறந்தநாள் அத்துணை இன்றியமையாததா? தேதி தெரியாமலே எத்தனையோ சான்றோர் வாழ்ந்து மறையவில்லையா? அணிச்சல் வெட்டி ஆரவாரம் செய்யும் இக்காலத்தில் பிறந்தநாளைப் பற்றி இன்னும் பேசவேண்டுமா?

தடையில் நியாயம் உண்டு. விவிலியத்தில் விரிவாகச் சொல்லப்படும் பிறந்தநாள் விருந்துகள் இரண்டு. தொடக்கநூலில் பார்வோனின் பிறந்தநாளன்று அவனுடைய அப்பம் சுடுவோரின் தலைவன் தூக்கிலிடப்பட்டான். நற்செய்தியில் ஏரோதின் பிறந்தநாளன்று திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வந்தது. மூன்றாம் நூற்றாண்டின் மறையறிஞர் ஓரிஜன் இதனைச் சுட்டிக்காட்டி, பிறந்தநாள் விழாவைக் கண்டித்தார். திருச்சபையும் புனிதர்களைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளிலேயே நினைவுகூர்கிறது. அதனையே விண்ணகப் பிறப்பு என்கிறது. மண்ணகப் பிறப்பைத் திருச்சபை விழாவாகக் கொண்டாடுவது மூவருக்கே: டிசம்பர் 25-இல் ஆண்டவருக்கு, செப்டம்பர் 8-இல் அன்னை மரியாவுக்கு, ஜூன் 24-இல் திருமுழுக்கு யோவானுக்கு.

ஆனால் பார்வோனுக்கும் ஏரோதுக்கும் தங்கள் பிறந்தநாளை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாட்காட்டி அவர்களுடையது. நாம் பேசுவது மற்றவர்களைப் பற்றி. ஒருவர் பிறந்த நாளைக் கேட்டறிவது, 'நீ இவ்வுலகிற்கு வந்தது எனக்கு ஒரு பொருட்டு' என்று சொல்வதாகும். அதனால்தான் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் பண்ணையாரின் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் ஒரே வகையான வரியில், ஒரே மையில் எழுதப்படுகிறார்கள். நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு பிறப்பையும் பதியச் சொல்கிறது. பிறந்தவுடன் பதிவுபெறுவதும் பெயர் பெறுவதும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை. இவை வெறும் எழுத்தர் வேலை அல்ல. ஏடு இல்லாதவர் பள்ளி வாசலிலும் அலுவலக வாசலிலும் நிற்கும்போது அந்த ஒரு வரியின் விலை தெரியும்.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நம் ஆண்டவரின் பிறந்த தேதியை நற்செய்தி எங்கும் கூறவில்லை. அகுஸ்து சீசர் மக்கள்தொகையைக் கணக்கெடுத்த காலம், இடையர்கள் வயல்வெளியில் இரவுக் காவல் காத்த வேளை என்கிறார் லூக்கா. அவ்வளவே. டிசம்பர் 25 பின்னாளில் திருச்சபை குறித்துக்கொண்ட நாள், உரோமையில் கி.பி. 354-ஆம் ஆண்டின் நாட்காட்டித் தொகுப்பில் அது காணப்படுகிறது. நாம் எழுதும் ஆண்டுக்கணக்கை ஆறாம் நூற்றாண்டில் வகுத்த தியொனீசியுஸ் என்னும் துறவியும் சில ஆண்டுகள் பிசகிவிட்டார் என்பதே இன்றைய அறிஞர் கருத்து. உலகம் தன் காலத்தையே எவருடைய பிறப்பிலிருந்து எண்ணுகிறதோ, அவருக்கும் தேதி தெரியாது! சீசரின் கணக்கெடுப்பு நடந்த நாள்களிலேயே, விடுதியில் இடமில்லாமல், தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டார். காவல் காத்தவர்களின் நினைவில் ஓர் இரவாக மட்டுமே அப்பிறப்பு நின்றது. ஏரிக்கரையில் பிறந்த மூதாட்டியின் பக்கமாகவே இறைமகன் வந்து பிறந்தார் என்றால் அது மிகையாகுமா?

அந்த மூதாட்டியின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. விண்ணப்பம் எழுதிய அடுத்த புத்தாண்டில், கன்னி மரியா இறைவனின் தாய் பெருவிழாத் திருப்பலி முடிந்து வீடு திரும்பினோம். அவர் நம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"ஐயா, இன்னிக்குத்தானே என் தேதி? பேரப்புள்ள அட்டையப் பாத்துப் படிச்சான். நீங்க எழுதிக் குடுத்ததாச்சே, அதான் எடுத்தாந்தேன்."

பொட்டலத்தில் பொரிகடலையும் வெல்லமும் இருந்தன. நாம் வாய்பேசாமல் நின்றோம். படிவத்தை முடிக்கும் அவசரத்தில், அவரைப் பற்றி ஒன்றும் அறிய விரும்பாமல், நாம் கிறுக்கிய ஒரு தேதியை அவர் தமக்குக் கிடைத்த கொடையாக ஏந்தி வந்திருந்தார். எட்டாம் நாளில் குழந்தை இயேசுவுக்குப் பெயரிட்ட நற்செய்திப் பகுதியைச் சற்று முன்புதான் கோயிலில் கேட்டுவிட்டு வந்திருந்தோம். பெயரும் நாளும் ஒருவருக்கு எவ்வளவு பெரிய பேறு என்பதை, மறையுரை முடிந்த பிறகு அந்த வாசலில்தான் கற்றோம்.

அன்று அவரைத் திண்ணையில் அமரச்செய்து, முன்பு கேட்டுச் சிரித்ததை முழுமையாகச் சொல்லக் கேட்டோம். எந்த ஏரி, எந்தக் கரை, நாற்றங்காலில் உடன் நின்றவர்கள் யார், முதலில் கையில் ஏந்தியவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று காலை கிழித்த டிசம்பர் 31-ஆம் நாள் தாள் மேசைமேல் கிடந்தது. அதன் மறுபக்கத்தில் அவற்றை எழுதினோம். அந்த மூதாட்டி இன்று இல்லை. தாள் நம் விவிலியத்தினுள் இருக்கிறது.

நாட்காட்டியின் முன்பக்கம் அச்சானது. பெரியோரின் பிறந்தநாள்களும் திருநாள்களும் அங்கே இருக்கட்டும். அவற்றை அறிவது நல்லதே. மறுபக்கம் நம் கையில் விடப்பட்டிருக்கிறது. இரவில் செபத்திற்கு முன் ஆன்ம சோதனை செய்யும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம். இன்று பெய்த மழை யார் வீட்டில் ஒழுகியது? இன்று நாம் கேட்ட செய்தியில் நாம் போய்ப் பார்க்கவேண்டிய ஒருவர் இருந்தாரா? நம் வீட்டு வேலைக்கு வருபவர், வயலில் உழைப்பவர், தெருவைக் கூட்டுபவர் ஆகியோருள் ஒருவரிடமேனும் நாளை, அவர் எப்போது, எங்கே பிறந்தார் என்று கேட்போம். தேதி தெரியாவிட்டால் என்ன? மழையைச் சொல்லட்டும், அறுவடையைச் சொல்லட்டும். சிரிக்காமல் கேட்டு, எழுதி வைப்போம்.